ஒஸ்லோவின் நரம்புப் பாடம்

மாணவருக்குக் கற்பிக்கக் கடினமான உடற்பாகம் நரம்பு மண்டலம். இதயம் துடிப்பதைக் கை வைத்து உணரலாம். மூச்சு வாங்கும்போது நெஞ்சு விரிவதே நுரையீரலின் வேலையைச் சொல்லிவிடும். மூளையை வெட்டி மேசையில் வைத்தாலோ சாம்பலும் வெண்மையுமாக மென்மையான திசுதான் தெரியும். அது எப்படிப் பார்க்கிறது, நினைக்கிறது, விரலை அசைக்கிறது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. ஆகவே நரம்புகளைப் பற்றிய பாடம் எங்கும் அவற்றைத் தெரியவைக்கும் முறைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. ஒஸ்லோவில் அதை வளர்த்த ஆசிரியர்கள் மாணவரிடம் முதலில் ஒரு செய்முறையைக் கொடுத்தார்கள். முடிவை அவரே கண்டு சொல்லட்டும் என்று விட்டார்கள். அந்தப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

நகரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது மோர்டென்ஸ்ருட். 1997இல் மெட்ரோ வந்து சேர்ந்த புறநகர் இது. பல நாட்டவர் குடியேறி வாழும் இடம். இங்குள்ள மாணவர் எவரும் பத்தாண்டுக் கட்டாயக் கல்வி முடிவதற்குள் நரம்பு மண்டலமும் ஹோர்மோன்களும் உடலை எவ்வாறு இயக்குகின்றன என்று விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என 2006ஆம் ஆண்டின் பாடத்திட்டம் விதித்தது. மோர்டென்ஸ்ருட்டில் மூன்றாம் இலக்க மெட்ரோவில் ஏறி நஷனால்தியாத்ரெட் நிலையத்தில் இறங்கினால், மேலே கார்ல் யோஹான் வீதியில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் நிற்கிறது. பள்ளிப் பாடநூலில் சில வரிகளாகச் சுருங்கிவிட்ட செய்திகள் சில, அந்தக் கட்டடத்து அறைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெறப்பட்டவை.

வரலாறு தொடங்குவது ஃபிரித்யோஃப் நான்சனில். துருவப் பயணியாகவும் 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவராகவுமே உலகம் அவரை அறியும். அதற்கெல்லாம் முன்னால் அவர் பெர்கன் அருங்காட்சியகத்தில் விலங்கியல் பணியாளராக இருந்தார். கடலடி உயிரினங்களின் நரம்புகளை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அவருடைய வேலை. அக்காலத்தில் பெரிய கேள்வி ஒன்று தீராமல் கிடந்தது. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்த ஒரே வலையா, இல்லை தனித்தனிக் கலங்களா? சாதாரணச் சாயங்களில் எல்லாக் கலங்களும் சேர்ந்தே நிறமேறுவதால் எந்தக் கிளை எந்தக் கலத்தினுடையது என்று பிரித்தறிய வழியில்லை. இத்தாலியில் கமில்லோ கோல்ஜி 1873இல் இதற்கு ஒரு முறை கண்டிருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பிறகு வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தால் மிகச் சில கலங்கள் மட்டும், கிளை நுனிவரை, கருத்துத் தெரியும். அடர்ந்த காட்டில் நாலைந்து மரங்களுக்கு மட்டும் வேர் முதல் கொழுந்துவரை கரி பூசியதைப் போல.

நான்சனுக்கு அந்த முறையை நேரில் கற்க ஆசை, கையில் பணமில்லை. ஓர் ஆய்வுக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டபோது அதை வெண்கலத்தில் வாங்கிக்கொண்டு, மிச்சமான மதிப்பைப் பணமாகப் பெற்று 1886இல் பாவியா நகருக்குப் போய் கோல்ஜியைப் பார்த்தார். திரும்பி வந்து மிக்சீன் எனும் தாடையற்ற கடல் உயிரி முதலியவற்றில் அதே முறையைக் கையாண்டார். 1887இல் வெளியான அவருடைய ஆய்வு, கலங்களின் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதை எங்கும் காண முடியவில்லை என்று சொன்னது. முறையைக் கற்பித்த கோல்ஜியோ கடைசிவரை வலைக் கொள்கையையே நம்பியவர். குருவின் கருவியைக் கொண்டே குருவுக்கு எதிரான முடிவுக்கு வந்தார் மாணவர். ஏறத்தாழ அதே சமயம் வில்ஹெல்ம் ஹிஸ், ஓகுஸ்ட் ஃபொரெல் இருவரும் வேறு வழிகளில் இதே முடிவை எட்டினார்கள். ஸ்பெயினின் ரமோன் இ காஹால் அதை அசைக்க முடியாதபடி நிறுவினார். 1891இல் வால்டையர் அந்தத் தனிக் கலத்துக்கு நியூரோன் என்று பெயரிட்டார்.

1888 ஏப்ரல் 28 அன்று, அப்போது கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஒஸ்லோவில், நான்சன் தம் ஆய்வை முனைவர் பட்டத்துக்காக முன்வைத்தார். தேர்வாளர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை, பட்டம் கிடைத்தது. சில நாட்களிலேயே கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் கடக்கப் புறப்பட்டுவிட்டார். பிறகு கடலியலும் அரசியலும் அகதிகளும் அவரை எடுத்துக்கொண்டன. நரம்பியலில் அவருக்கென ஒரு மாணவர் பரம்பரை உருவாகாமல் போனது நோர்வேக்கு இழப்பே.

அந்தப் பரம்பரை உருவாக இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. உடற்கூற்று நிறுவனத்தில் யான் யான்சன் 1930இல் வெளியிட்ட ஆய்வு மிக்சீனின் மூளையைப் பற்றியது; நான்சன் விட்ட இடத்திலிருந்த அதே உயிரி. யான்சனின் கவனம் பின்னர் சிறுமூளைக்குத் திரும்பியது. அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ஆல்ஃப் புரூடால்.

புரூடாலின் கருவி அழிவைப் படிப்பது. ஒரு நரம்பிழையை வெட்டினால், அது புறப்பட்ட கலம் வாடுகிறது. வளர்ந்த விலங்கில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. பிறந்து சில நாட்களே ஆன பூனைக்குட்டியிலோ முயல்குட்டியிலோ கலம் விரைவாகச் செத்துவிடுகிறது. சிறுமூளையில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தி, சில நாள் கழித்து முகுளத்தை மெல்லிய சீவல்களாக்கி எந்த இடத்தில் கலங்கள் மறைந்திருக்கின்றன என்று தேடினால், இழை எங்கே தொடங்கியது என்பது தெரிந்துவிடும். இப்படி முகுளத்திலுள்ள ஒலிவ் எனும் கலத்தொகுதியின் ஒவ்வொரு பகுதியும் சிறுமூளையின் குறிப்பிட்ட பகுதிக்கே இழை அனுப்புகிறது என்று 1940இல் காட்டினார். மூளை குழம்பிய கூழ் அன்று, முகவரிகள் கொண்ட ஊர் என்று மாணவருக்குச் சொல்ல அதைவிட நல்ல சான்று அப்போது குறைவு.

1943இல், நாட்டை நாஜிப் படைகள் பிடித்து வைத்திருந்த காலத்தில், புரூடாலின் பாடநூல் நோர்வேஜிய மொழியில் வெளியாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஆக்கிரமிப்பாளர்கள் பல்கலைக்கழகத்தை மூடி மாணவர்களைக் கைதுசெய்தார்கள். போருக்குப் பின் 1948இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதன் பிறகு பல நாடுகளில் நரம்பியல் மாணவர்களின் மேசையில் அந்த நூல் இருந்தது. நரம்பு உடற்கூற்றை நோயாளியோடு பொருத்திச் சொல்வது அதன் வழி. அதுவரை மாணவர்கள் பெயர்களை உருப்போட்டார்கள். புரூடால் ஒவ்வோர் அமைப்புக்கும் அது பழுதானால் மனிதருக்கு என்ன ஆகிறது என்று கேட்டார்.

அந்த வகைப் பாடத்துக்குத் தண்டுவடம் நல்ல எடுத்துக்காட்டு. விபத்தில் ஒருவருடைய தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் அறுபடுகிறது. காயத்துக்குக் கீழே வலக்கால் அசையாது. கண்ணை மூடினால் அந்தக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் ஊசியால் குத்தினால் வலி தெரியாமல் போவது இடக்காலில். வலியையும் சூட்டையும் கொண்டுசெல்லும் பாதை தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்பக்கம் தாவிவிடுகிறது. கால் இருக்கும் நிலையைச் சொல்லும் இழைகளோ அதே பக்கமாக மேலேறி, முகுளத்தை அடைந்த பிறகே அவற்றின் செய்தி மறுபக்கம் கடக்கிறது. இந்த ஒரு நோயாளியைப் புரிந்துகொண்ட மாணவர் மூன்று பாதைகளையும் மறக்கமாட்டார்.

தாய்மொழியில் இத்தகைய பாடம் நடத்திய வரலாறு நோர்வேத் தமிழர்களில் பெரும்பாலோரின் பூர்வீகமான இலங்கையின் வடக்கிலும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்தது. நான்சன் பாவியாவுக்குப் போவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே மூளையின் பாகங்களை மானிப்பாய் மாணவர் தமிழில் படித்திருக்கிறார். பெருமைக்குரிய செய்தி அது.

புரூடால் நடத்திய பாடங்களில் மிகப் பெரியது அவர் தேர்ந்தெடுக்காதது. 1972 ஏப்ரலில், 62 வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் செயலிழந்தது, பேச்சு குழறியது. படுக்கையில் கிடந்தபடியே தம்மைத் தாமே கவனிக்கத் தொடங்கினார், குறிப்பெடுத்தார், அடுத்த ஆண்டு ‘பிரெயின்’ என்ற ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார். செயலிழந்த தசையை அசைக்க முயல்வது எவ்வளவு களைப்பூட்டும் மன உழைப்பு என்பதை வெளியிலிருந்து எந்த மருத்துவரும் அளந்ததில்லை. அவர் உள்ளிருந்து எழுதினார். வில் வடிவக் கழுத்துப்பட்டியைக் கட்டுவது அவருக்குப் பழகிப்போன வேலை. நோய்க்குப் பின் விரல்களில் வலு குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் தடுமாற்றத்துக்கு முக்கியக் காரணம் அதுவன்று, அடுத்த அசைவு என்ன என்பதே விரல்களுக்குத் தெரியவில்லை என்று கண்டார். பழக்கம் என்று நாம் சொல்வது மூளையில் வரிசையாகப் பதிந்த அசைவுகளின் தொடர் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எங்கே கிடைக்கும்?

இன்னொன்று அவரையே வியக்கவைத்தது. மூளையின் வலப்பாதியில் ஏற்பட்ட பாதிப்பு இடக்கையைத்தான் தாக்க வேண்டும். அவர் எழுதியது வலக்கையால். அந்தக் கையெழுத்தும் மாறிப்போயிருந்தது, எழுத்துப் பிழைகள் கூடியிருந்தன. இடம், வலம் என்று பாடநூல்கள் கோடு கிழித்துப் பிரித்த வேலைகளை மூளை அப்படிப் பிரித்துச் செய்வதில்லை என்ற முடிவுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாகத் தாமே கற்பித்ததைத் தம் உடலைக் கொண்டு திருத்திய ஆசிரியர் அவர். நரம்பியலை எவருக்குக் கற்பித்தாலும் இந்தக் கட்டுரையை முதலில் படிக்கக் கொடுக்கலாம்.

இதற்கிடையே கார்ல் யோஹான் வீதியின் அந்தப் பழைய கட்டடத்தில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. கலங்கள் தனித்தனி என்றால் செய்தி எப்படித் தாவுகிறது? இழையின் நெடுகே அது மின்மாற்றமாக ஓடுகிறது. சினாப்ஸ் எனும் நுண்ணிய இடைவெளியை அடைந்ததும் இரசாயனமாக மாறிக் கடக்கிறது. இந்தக் கடப்பைப் பற்றிய ஆய்வுகளில் முன்னணியில் நின்ற ஜான் எக்கிள்சிடம் கன்பராவில் 1961 முதல் 1963 வரை பணியாற்றித் திரும்பினார் பெர் ஆண்டர்சன். அவர் தேர்ந்தது ஹிப்போகாம்பஸ், நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி. கலங்கள் அதில் ஒழுங்கான அடுக்குகளாக இருப்பதால் எங்கே தூண்டினால் எங்கே பதில் வரும் என்று கணிக்க முடிகிறது.

ஆண்டர்சனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்த தெர்யே லோமோ, மயக்கமருந்து கொடுத்த முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸுக்குள் நுழையும் இழைகளில் ஒரு மின்முனையையும், அவை சென்று சேரும் கலங்களிடையே இன்னொன்றையும் வைத்தார். ஒரே ஒரு மின்துடிப்பு கொடுத்தால் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குப் பதில் எழும். விரைவான துடிப்புகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, மறுபடி அதே ஒற்றைத் துடிப்பைக் கொடுத்தபோது பதில் முன்பைவிடப் பெரிதாக எழுந்தது. உடனே தணியவும் இல்லை. 1966இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த உடலியல் கூட்டமொன்றில் இதைச் சொன்னார். பெரிய பரபரப்பு ஏதும் எழவில்லை. 1968இல் பிரிட்டனிலிருந்து வந்த டிம் பிளிஸ் அவரோடு சேர்ந்து சோதனையை முறையாக நடத்தினார்; 1973இல் வெளியான கட்டுரையின்படி 18 முயல்களில் 15இல் அந்த வலுவேற்றம் அரை மணி முதல் பத்து மணி நேரம் வரை நீடித்தது. பயன்படுத்தப் பயன்படுத்த இணைப்பு வலுப்பெறுகிறது என்பதே இன்று கற்றல், நினைவு பற்றிய பாடங்களின் அடித்தளம். ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர் அளந்த அலை உயரத்திலிருந்து அந்தப் பாடம் புறப்பட்டது.

மாணவர் கையில் வேலையைக் கொடுக்கும் வழக்கத்தை ஆண்டர்சனும் விடவில்லை. உளவியல் மாணவர்களான மை-பிரிட், எட்வர்ட் மோசர் இருவரும் அவரிடம் ஆய்வு செய்ய விரும்பி வந்து நின்றபோது, எலிகள் நீந்தி வழி கண்டுபிடிக்கும் நீர்த்தொட்டி ஒன்றை அமைக்கச் சொன்னார். அமைத்தார்கள். 1995இல் ஒஸ்லோவில் முனைவர் பட்டம் பெற்று, த்ரொன்ட்ஹெய்ம் சென்று, மூளை இடத்தை அறுகோண வலையாக அளக்கும் கலங்களை 2005இல் விவரித்தார்கள். 2014இன் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவர்களுக்கும் மறுபாதி லண்டனின் ஜான் ஓகீஃபுக்கும் கிடைத்தது. பாடநூல் பணியை ஆல்ஃப் புரூடாலின் மகன் பெர் புரூடால் தொடர்ந்தார். ஒஸ்லோவில் உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்த அவர் மைய நரம்பு மண்டலத்தைப் பற்றி எழுதிய நூல் நோர்வேஜியத்திலும் ஆங்கிலத்திலும் பல பதிப்புகள் கண்டிருக்கிறது.