கடலைக் கட்டிய கம்பி – 7: அட்லாண்டிக்கில் ஒரு பாதாளக் கரண்டி

அட்லாண்டிக்கின் அடியில் தந்திக் கம்பி போடும் திட்டத்தை முன்னின்று நடத்திய சைரஸ் ஃபீல்டை நியூயார்க் நகரம் தலையில் வைத்துக் கொண்டாடியதைப் போன வாரம் பார்த்தோம். அந்தக் கொண்டாட்டம் நடந்த அதே 1858 செப்டம்பர் 1-ஆம் தேதியோடு அந்தக் கம்பி பேச்சை நிறுத்திக்கொண்டது. அதன் ஆயுள் ஒரு மாதம்கூட இல்லை.

வாழ்த்திய வாய்களே வையத் தொடங்கின. கம்பியில் ஒரு செய்தியும் வரவே இல்லை, பங்கு விற்கக் கட்டிய கதை என்றார்கள். கம்பி வழியே விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 சொல் வாழ்த்து வந்து சேர 16 மணி நேரம் ஆனது வேறு அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. உண்மையில் கம்பியைக் கொன்றவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். தொழிலால் அறுவை மருத்துவர். மின்பொறுப்பு அவரிடம் இருந்தது! சிக்னல் மங்கியதும் ஏறத்தாழ 2,000 வோல்ட்டைச் செலுத்தி, ஏற்கெனவே நைந்திருந்த காப்புறையைப் பொசுக்கிவிட்டார். மெல்லிய மின்னோட்டமே போதும் என்று பேராசிரியர் வில்லியம் தாம்சன் சொன்னது எடுபடவில்லை.

பழியோ ஃபீல்டின் தலையில். அவர் விஞ்ஞானியும் இல்லை, பொறியாளரும் இல்லை, காகித வியாபாரி. அதுவே அவருக்குப் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் ஏன் முடியாது என்று காரணம் அடுக்கியபோது, அவர் அடுத்துப் பணத்துக்கு யாரிடம் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1860-இல் சொந்த வியாபாரமே நொடித்தது. மறு வருஷம் உள்நாட்டுப் போர். கப்பலேறினாலே குமட்டும் அந்த மனிதர் லண்டனுக்கும் நியூயார்க்குக்குமாக அலைந்தார்.

அலைச்சல் பலித்தது. 1865 ஜூலையில் அயர்லாந்தின் வலென்ஷியாவிலிருந்து புதுக் கம்பியோடு ‘கிரேட் ஈஸ்டர்ன்’ புறப்பட்டது. அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல். மொத்தக் கம்பியையும் அது ஒன்றே சுமந்தது. வழியெல்லாம் பழுது. கம்பிக்குள் இரும்புத் துண்டு குத்தியிருந்ததைப் பார்த்து, நாசவேலையோ என்று ஆட்கள் மேலேயே சந்தேகம். கம்பிச் சுருள் இருந்த தொட்டியில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள், ஃபீல்டும்தான்.

ஆகஸ்ட் 2. நியூஃபவுண்ட்லாந்துக்கு இன்னும் 600 மைல்தான். மறுபடி பழுது. கம்பியை முன்பக்கமாகத் திரும்ப இழுத்தபோது அது உராய்ந்து, நைந்து, பட்டென்று அறுந்தது. நுனி கப்பலைத் தாண்டித் துள்ளிக் கடலில் விழுந்தது. 1,200 மைல் கம்பி இப்போது இரண்டு மைலுக்கும் அதிகமான ஆழத்தில்!

கிணற்றில் விழுந்த வாளிக்குப் பாதாளக் கரண்டி போடுவோமே, அதை அட்லாண்டிக்கில் போடச் சொன்னார் தலைமைப் பொறியாளர் சாமுவேல் கானிங். கொக்கியோடு ஐந்து மைல் கம்பிக் கயிறு. 600 அடிக்கு ஓர் இணைப்பு. கொக்கி தரை தொடவே இரண்டு மணி நேரம் பிடித்தது. இரவு முழுக்கக் கப்பலைக் காற்றின் போக்கில் விட்டார்கள்.

விடிந்ததும் கயிறு விறைத்தது. இழுவிசைமானியின் முள் நகர்ந்தது. சிக்கியது பாறையில்லை, கயிறு மேலே வர வர முள்ளும் சீராக ஏறியது. அறுந்துபோன கம்பியேதான்! மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்தாயிற்று. அத்தனை கனமும் இப்போது அந்த இணைப்புகளின் மேல். அவற்றில் ஒன்று...

(தொடரும்)