குடகின் வெள்ளகில்: தனிமரத்தின் மரபணு மதிப்பு

குடகின் காப்பித் தோட்டங்களில் ஆங்காங்கே ஒற்றை வெள்ளகில் மரங்கள் நிற்கின்றன. காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது நிழலுக்கென விட்டுவைக்கப்பட்டவை. பூத்தாலும் துணையில்லை, காய்த்தாலும் வாரிசில்லை என்று இத்தகைய மரங்களைச் சூழலியல் ஒதுக்கிய காலம் உண்டு. சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1980களில் இவற்றை ‘உயிருள்ள பிணங்கள்’ என்றே குறிப்பிட்டார்.

அந்தத் தீர்ப்பு குடகில் பொய்த்துவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளகில், விலைமதிப்புள்ள மரம். வெட்டு மிகுந்து அருகிப்போனது. 216 சதுர கிலோமீட்டர் பரப்பில் மைக்ரோசாட்டிலைட் எனும் மரபணுக் குறிகள் பதினொன்றைக் கொண்டு இதன் தாய்தந்தை வழியைத் தேடிய ஆய்வு, 2012இல் ‘மாலிக்யூலர் ஈகாலஜி’ இதழில் வெளியானது. தன்னந்தனி மரங்களுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பலவகை மகரந்தம் அடிக்கடி வந்து சேர்ந்திருந்தது. மரங்கள் அடர்ந்த காட்டுத் துண்டுகளோடு ஒப்பிட்டால், சில மரங்களே எஞ்சிய துண்டுகளில்தான் சிக்கல்: அங்கே அண்டை மரங்களுக்குள்ளேயே சேர்க்கை கூடியது, சேர்ந்தவற்றுக்கிடையே இரத்த உறவும் நெருங்கியது. தாயின் காலடியிலேயே விழுந்து முளைத்த விதைகள் பல. ஆகவே பக்கத்து மரம் நெருங்கிய உறவாக இருக்க வாய்ப்பு அதிகம். தனிமரத்துக்கு அப்படியொரு பக்கத்து மரமே இல்லை.

இன்னொரு முடிவும் கவலை தருகிறது. முதிர்ந்த மரங்களைவிட இளங்கன்றுகளிடையே இடத்துக்கு இடம் மரபணு வேறுபாடு கூடியிருக்கிறது; அதாவது காட்டுத் துண்டுகள் மரபணு அளவில் ஒன்றிலிருந்து ஒன்று விலகிவருகின்றன. மரம் நூற்றாண்டு வாழக்கூடியது. இன்றைய பெருமரங்கள் சுமப்பது பழைய காட்டின் மரபணுக்களை. தலைகளை எண்ணிச் சுற்றளவை அளக்கும் வனக் கணக்கெடுப்பில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

இங்கேதான் மேலாண்மை தவறுகிறது. குடகில் தேவரகாடுகள் எனப்படும் கோயிற்காடுகள் 1,200க்கும் மேல் உள்ளன. அவற்றுள் பல மிகச் சிறியவை. அப்படியொரு சிறு தோப்பில் மட்டும் விதை பொறுக்கி நாற்றங்கால் போட்டால், நட்டுப் பரப்புவது நெருங்கிய உறவுகளைத்தான். தோட்டத்து ஒற்றை மரங்களிலிருந்தும் விதை சேர்த்தாக வேண்டும்.

ஆனால் அந்த ஒற்றை மரத்தைக் காக்கத் தோட்டக்காரருக்கு என்ன ஊக்கம் இருக்கிறது? குடகின் பல நிலங்களில் இயல்மரங்களின் உரிமை அரசிடம் உள்ளது. தன் நிலத்து மரத்தை விற்க அவர் அனுமதிக்கு அலைய வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. விரைவாக வளரும், மிளகுக் கொடியும் ஏறும். ஆகவே பட்டுப்போன வெள்ளகிலின் இடத்தில் சில்வர் ஓக் வருகிறது. மரத்தைக் காக்க எழுதிய விதியே அதன் அடுத்த தலைமுறைக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. அப்படி மறையும் ஒவ்வொரு தனிமரத்தோடும் தோப்புக்கும் தோப்புக்கும் இடையே மகரந்தம் கடக்க வேண்டிய தூரம் நீள்கிறது.

இயல்மரத்தின் வருவாயில் தோட்டக்காரருக்கு உறுதியான பங்கு கிடைக்க வேண்டும். தனிமரத்து விதையில் எழுந்த கன்றுகள், மரம் குறைந்த தேவரகாடுகளுக்குள் நடப்பட வேண்டும். பழைய காட்டின் பெருமரங்கள் இன்னும் காய்க்கும்போதே இவ்விரண்டையும் தொடங்குவது அவசியம்.