தோல் டாக்டர் வளர்த்த சிவப்புப் பாம்பு

1953-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கருமையே இல்லாத கார்ன் பாம்பு ஒன்று பிடிபட்டது. கறுப்பு போனாலும் வெளுத்துவிடவில்லை. ஆரஞ்சும் சிவப்புமாக இருந்தது. அது பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் டாக்டரிடம் வந்து சேர்ந்தது. நிறம் அவருடைய தொழிலாயிற்றே, விடுவாரா? சாதாரணப் பாம்போடு இணை சேர்த்தார். குட்டிகள் எல்லாம் சாதாரண நிறம். பொறுத்திருந்தார். அடுத்த தலைமுறையில் சிவப்பு திரும்பி வந்தது. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே கணக்கு! 1962-இல் அவரும் மனைவியும் அதை ஆய்விதழில் எழுதினார்கள்.

பிறகு வியாபாரம் புகுந்தது. ஆப்பிரிக்க பால் மலைப்பாம்பில் 'ஸ்பைடர்' என்றொரு சிலந்தி வலைக் கோலம் கிராக்கியானது. அந்தக் கோலத்தோடு தலையாட்டமும் கூடவே பிறக்கிறது. காரணம் உட்காதுக் கோளாறு. சிலவற்றால் இரையைக் குறிவைத்துக் கவ்வக்கூட முடிவதில்லை. தெரிந்தும் விற்கிறார்கள்.