தொரப்பள்ளியிலிருந்து புதுப்பாளையத்துக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாளில் அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலையூர்களுக்கு மருந்தும் நோட்டுப் புத்தகமும் கொண்டுபோகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று அவரவர் நம்பிக்கைதான் அவர்களை மலையேற்றுகிறது. மாலையில் இறங்கி வந்துவிடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தொண்டு செய்யப் போன ஊரிலேயே ஒருவர் குடியிருந்துவிட்டால் அவர் என்ன ஆவார் என்று கேட்டால், இந்த மண்ணில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் காட்டுவேன்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. தந்தை அவ்வூர் முன்சீப். ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூரில் சென்ட்ரல் கல்லூரி, சென்னையில் சட்டம், 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில். 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். கைநிறையச் சம்பாதித்துத் தந்த தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்போது உதறினார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். முதலமைச்சர், கவர்னர் ஜெனரல் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். புதுப்பாளையத்து ராஜாஜியைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

திருச்செங்கோடு வட்டாரத்தில் வானம் பார்த்த பூமி புதுப்பாளையம். ஊர் ஜமீன்தார் தந்த நிலத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று காந்தி ஆசிரமம் தொடங்கியது. திறந்துவைத்தவர் ஈ.வெ.ரா.; அவ்வாண்டு முடிவதற்குள் காங்கிரசை விட்டே விலகிய அதே ஈ.வெ.ரா. மனைவியை இழந்திருந்த ராஜாஜி, மகன் நரசிம்மனையும் மகள் லட்சுமியையும் கூட்டிக்கொண்டு அங்கே குடியேறினார். வயது 46. ஆஸ்துமா வேறு.

மழை பொய்த்தால் காட்டில் வேலை கிடையாது. பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிப்போய், வீட்டு ராட்டையில் நூற்று, சிட்டம் சிட்டமாகத் திரும்பக் கொண்டுவருவார்கள். எடை போட்டுக் கூலி. நூல் நெசவாளரிடம் போய்க் கதராகும். அந்தச் சில்லறையில் அடுப்பெரிந்த வீடுகள் பல. தாழ்த்தப்பட்டோரும் சேர்ந்து வாழ்ந்த இடம் என்பதால் அக்கம்பக்கத்துச் சாதி இந்துக்கள் முதலில் ஆசிரமத்தை ஒதுக்கினார்கள். நாளாக ஆக அந்த வீம்பு தளர்ந்தது.

வைணவக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கீதை புதிதல்ல. ஆயினும் பலனில் பற்றில்லாமல் உழைப்பதை நீதிமன்றத்தில் பழக முடியாது; அங்கே வெற்றி தோல்விதான் கணக்கு. புதுப்பாளையத்தில் மழை வராது. வாங்கிய கூலியைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வருவான் வீட்டுக்காரன். மறுநாளும் பஞ்சு நிறுத்துக் கொடுத்தாக வேண்டும். கீதையையும் உபநிடதங்களையும் எளிய தமிழில் அவர் விளக்கி எழுதிய நூல்களில் இந்தப் பழக்கத்தின் நிதானத்தைக் காண்கிறேன். கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதாடியவர், ஊர் ஜனங்களுக்கு விளங்கும் தமிழுக்கு வந்துசேர்ந்தார். மதுவிலக்குக்கென்றே 1929இல் ‘விமோசனம்’ இதழை நடத்தினார். உடனிருந்து உழைத்தவர் கல்கி. பத்து இதழ்களோடு அது நின்றது.

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே திருப்பத்தூரில் 1921இலேயே இன்னொரு ஆசிரமம் எழுந்திருந்தது: கிறிஸ்துகுல ஆசிரமம். சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், இருவருமே மருத்துவர்கள். கதர் உடுத்தி, திருமணம் செய்துகொள்ளாமல், கிராமத்து நோயாளிகளைப் பார்த்தார்கள். ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில் கட்டினார்கள். அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். ஆளும் இனத்தில் பிறந்த வெள்ளைக்காரர் தம்பி முறை ஏற்று நின்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தச் சின்னண்ணனை 1932இல் சென்னையில் போலீஸ் அடித்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை கேள்வி எழுந்தது.

ராஜாஜி 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. கள், சாராய வருமானம் போனால் கஜானா என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடையாக 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வியாபாரிகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அவர் பின்வாங்கவில்லை. கூலி வாங்கிய நாளின் இரவு ஒரு குடிசைக்குள் எப்படிக் கழியும் என்பதைப் பக்கத்துக் குடிசையிலிருந்து அறிந்தவர் அவர்.