மூவரும் ஐவரும்: சிவகிரி யாத்திரை பிறந்த கதை

யாத்திரைக்கென மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது நம் வீட்டுத் தாய்மார் நன்கறிந்த வழக்கம். அரை வயிறு உண்டு சேர்த்த அந்தக் காசு எங்கே போகிறது, போய் வந்தவர்க்கு என்ன கிடைக்கிறது என்று கேட்போர் மிகச் சிலர். அங்ஙனம் கேட்ட ஓர் ஆசானைப் பற்றியும், அவர்தம் ஆசிரமத்தை நோக்கி நடந்த நாட்டுப்புற மக்களைப் பற்றியும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

ஸ்ரீ நாராயண குரு திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஈழவர் குலத்தில் தோன்றியவர். தமிழ் நன்கு கற்றவர். தமிழில் பாடல்களும் இயற்றியவர். இன்றைய குமரி மாவட்டத்திலுள்ள மருந்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தவர். 1888இல் அருவிப்புறத்தில் தம் கையாலேயே சிவனை நிலைநாட்டினார். பின்னர் வர்க்கலையில் ஒரு குன்றின்மேல் சிவகிரி ஆசிரமத்தை அமைத்து, 1912இல் அங்கே சாரதைக்குக் கோயில் எடுத்தார். கல்வித் தெய்வமாகிய சாரதைக்கு அங்கே அபிடேகமும் இல்லை, நைவேத்தியமும் இல்லை.

1928 ஜனவரியில் கோட்டயத்து நாகம்படம் கோயில் வளாகத்தில், மாமர நிழலில், குரு ஓய்வாக அமர்ந்திருந்தார். வல்லபசேரி கோவிந்தன் வைத்தியரும் டி. கே. கிட்டன் ரைட்டரும் அவரை அணுகி, சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்ல ஒப்புதல் வேண்டினர். வர்க்கலையில் சனார்த்தனர் கோயில் என்னும் புண்ணியத் தலம் முன்பே இருக்கிறதே என்றார் குரு. இந்துக்களின் புண்ணியத் தலங்களில் எங்களுக்கு நுழைவு இல்லை; மீறிச் செல்வோர்க்குத் துன்பமும் மானக்கேடும் பணச்செலவுமே மிச்சம் என்று அவர்கள் விடை கூறினர். நம் பாட்டன்மார் எந்த ஊரில் இருந்தாலும் இதே சொற்களைத்தான் சொல்லியிருப்பர்.

நாம் சொன்னால் சிவகிரி புண்ணியத் தலம் ஆகிவிடுமா என்று குரு வினவினார். தாங்கள் சொன்னால் நாங்கள் நம்புவோம் என்றனர். அப்படியானால் நாமும் நீங்கள் இருவருமாக மூவர் ஆயிற்று, போதுமா என்று அவர் நகைத்தாராம். சமூகத்தார் இருபது இலட்சம் பேரும் ஏனைய ஒடுக்கப்பட்ட மக்களும் ஏற்பர் என உறுதி கூறிய பின்னரே ஒப்புதல் கிடைத்தது.

ஒப்புதலோடு முறைகளும் வந்தன. நாள், ஐரோப்பியர் புத்தாண்டு நாளாகிய ஜனவரி முதல் நாள். நோன்பு பத்தே நாள். உடல், உணவு, மனம், சொல், செயல் ஆகிய ஐந்தின் தூய்மையே நோன்பு. ஆடை, கண்ணனும் புத்தரும் உடுத்த மஞ்சள் நிறம். ஆனால் அதற்கென மஞ்சள் பட்டு வாங்குதல் கூடாது. புதுத் துணியும் வேண்டா. உடுத்தும் வெள்ளாடையை மஞ்சள் நீரில் நனைத்தால் போதும். பின்பு வெளுத்து மீண்டும் உடுத்தலாம். உருத்திராக்கம் அணியலாமா என்று ஒருவர் கேட்க, அதை ஊறவைத்து அந்நீரைக் குடித்தால் ஏதேனும் நன்மை இருக்கும் என்றாராம். ஏழையின் காசு எங்கே கரையும் என்பதை உள்ளூர அறிந்தவரே இவ்வாறு பேச முடியும்.

அதன்பின் யாத்திரையின் நோக்கம் யாது எனக் கேட்டார். மஞ்சள் உடுத்திச் சென்று, குளித்து, வலம்வந்து, பணத்தையும் செலவிட்டுத் திரும்புவதனால் எதுவும் கைகூடாது என்று கூறி, விரல்விட்டு எண்ணி எட்டுப் பொருள்களை உரைத்தார்: கல்வி, தூய்மை, இறைபக்தி, ஒற்றுமைச் சங்கம், உழவு, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. ஒவ்வொன்றிலும் வல்லவரை அழைத்துப் பேசச் செய்து, மக்கள் அமைதியாகக் கேட்டு, ஊர் திரும்பி நடைமுறைப்படுத்த வேண்டும் என்றார். பக்தி அந்த வரிசையில் எட்டில் ஒன்றாக மட்டுமே நின்றது காண்க.

'ஏனைய ஒடுக்கப்பட்ட மக்கள்' என்று அன்று கூறப்பட்ட சொல்லை நாம் எளிதில் கடந்து போதல் ஆகாது. மேல் சாதியாரால் விலக்கப்பட்ட ஈழவருள் பலர், தமக்குக் கீழென எண்ணிய புலையரை விலக்கியே வைத்தனர். குரு புலையர் குழந்தைகளை ஆசிரமத்தில் தங்கவைத்துக் கற்பித்தார். 1917இல் செராயியில் அவர் மாணவர் அய்யப்பன், ஈழவரும் புலையரும் ஒன்றாக உண்ணும் பந்தி நடத்தியபோது, சொந்தச் சாதியாரே அவரைத் தள்ளிவைத்து 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினர். அவர் அப்பெயரைப் பெருமையாக ஏற்றார். குருவும் அவர் பக்கமே நின்றார். ஆசான் ஒன்று சொல்ல, அடியார் வேறொன்று செய்வது எங்கும் உள்ளதே.

1928 செப்டம்பர் 20ஆம் நாள் குரு சிவகிரியில் மறைந்தார். யாத்திரை பேச்சளவிலேயே நின்றது. நாலாண்டு கழிந்து, 1932 டிசம்பர் இறுதியில், இன்றைய பத்தனம்திட்டை மாவட்டத்து இலவும்திட்டா என்னும் சிற்றூரிலிருந்து ஐந்து இளைஞர்கள் மஞ்சள் தோய்த்த ஆடையுடன் புறப்பட்டனர். முந்தைய ஆண்டு மறைந்திருந்த கவிஞர் மூலூர் பத்மநாப பணிக்கரின் இல்லமே அவர்கள் புறப்பட்ட இடம். அவர் மகன் திவாகர பணிக்கர் ஐவருள் ஒருவர். பெருங்கூட்டமும் இல்லை, வரவேற்பு வளைவும் இல்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12ஆம் நாளில்தான். ஆதலின் அவ்வைவரும் நடந்த வழிநெடுக இருந்த அரசுக் கோயில்கள் எல்லாம் அவர்களுக்கு மூடியே இருந்தன. 1933ஆம் ஆண்டு பிறந்தபோது அவர்கள் சிவகிரிக் குன்றில் இருந்தனர். அங்கே சாரதையின் வாயிலில் அவர்களை நிறுத்தி, நீ எந்தச் சாதி என்று கேட்பார் யாரும் இல்லை.

இன்று டிசம்பர் 30 முதல் ஜனவரி முதல் நாள் வரை அக்குன்றில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். இலவும்திட்டாவிலிருந்து இன்றும் நடந்தே வருவோர் உண்டு. குரு எண்ணிய அந்த எட்டுப் பொருள்களைப் பற்றிப் பந்தலில் சொற்பொழிவுகள் நடக்கின்றன. மஞ்சளாடை உடுத்த நாட்டுப்புற மக்கள் தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.