சிட்டிலிங்கி லம்பாடிப் பூத்தையல்

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்களின் மரபுக் கைவேலை. வண்ண நூல், கண்ணாடி, சோழி, நாணயம் ஆகியவற்றால் பருத்தித் துணியில் செய்யப்படுவது. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள இப்பள்ளத்தாக்கில் லம்பாடியர் தாண்டா எனப்படும் தம் குடியிருப்புகள் இரண்டில் வசிக்கின்றனர்.

தோற்றம்

பஞ்சாரா, லம்பாணி, சுகாலி என்றும் அழைக்கப்படும் லம்பாடியர் ராஜஸ்தானைத் தம் பூர்வீகமாகக் கருதுகின்றனர். அவர்கள் பேசுவது இந்தோ-ஆரிய மொழி. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள், முகலாயப் படைகளுக்குத் தீனி சுமந்து தக்காணத்துக்கு வந்தனர். 1790–92 மைசூர்ப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி காரன்வாலிசின் படைக்கும் இவர்களே தானியம் கொண்டுவந்தனர். அப்போரின் முடிவில்தான் இன்றைய தருமபுரி அடங்கிய பாராமகால், திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி வசமானது.

ஓரிடத்தில் தங்காத வாழ்வில் சொத்து என்பது உடுத்தவும் சுமக்கவும் கூடியதே. அதனால் பாவாடை, ரவிக்கை, முக்காடு, பணப்பை, குடம் சுமக்கும் சும்மாடு, மாட்டின் அலங்காரத் துணி என அனைத்திலும் பூத்தையல் ஏறியது. மணப்பெண்ணின் சீரிலும் அதற்கு இடமிருந்தது.

வேலைப்பாடு

சங்கிலித் தையல், குறுக்குத் தையல், ஓட்டுத் தையல் முதலியவை கோடுகளையும் கட்டங்களையும் முக்கோணங்களையும் நிரப்புகின்றன. கண்ணாடிச் சில்லில் துளை கிடையாது. அதைத் துணிமேல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டிச் சட்டம் கட்டுகிறார்கள். பிறகு அந்தச் சட்டத்தைச் சுற்றித் தைத்து இழுக்க, நூல் விளிம்புக்கு ஒதுங்கி நடுவில் கண்ணாடி திறந்துகொள்கிறது.

கட்சு, சிந்து பகுதிகளின் கண்ணாடி வேலையோடு இதற்கு உறவு தெரிகிறது. நீலகிரித் தோடரின் சிவப்பு, கறுப்புப் பூத்தையல் (புவிசார் குறியீடு 2013), யுனெஸ்கோ 2021இல் பட்டியலிட்ட பாலஸ்தீனப் பூத்தையல் ஆகியவற்றைப் போலவே, இதுவும் உடுத்தியவர் எந்தச் சமூகத்தவர் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

மறைவு

19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் பொதிமாட்டு வணிகத்தை முறித்தன. 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டங்கள் நாடோடிக் குழுக்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கின. நிலத்தில் நிலைத்த லம்பாடியர் அண்டை ஊரார்போல் சேலைக்கு மாறினர். சிட்டிலிங்கியில் ஊசி வேலை ஏறக்குறைய நின்றே போனது. இளையோர் திருப்பூர் பின்னலாடை ஆலைகளுக்குப் பிழைக்கச் சென்றனர்.

மீட்பு

1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியர் இங்கு பழங்குடியினர் நலவாழ்வுப் பணியைத் தொடங்கினர். நோய்க்குப் பின்னால் வறுமை இருப்பதைக் கண்ட இப்பணி, வேளாண்மைக்கும் கைத்தொழிலுக்கும் விரிந்தது. தையல் மறவாத மூதாட்டிகள் இருவரே எஞ்சியிருந்தனர். அவர்கள் இளம்பெண்களுக்குக் கற்றுத்தர, 2006இல் ‘பொற்கை’ கைவினைஞர் அமைப்பு உருவானது. லம்பாடி மொழியில் இப்பெயர் பெருமிதத்தைக் குறிக்கும். பெட்டியில் கிடந்த பழைய பாவாடைகளும் பைகளும் பாடநூல்களாயின.

சிட்டிலிங்கிக்கு வெளியேயும் இம்மரபுக்கு அங்கீகாரம் கிடைத்தது: கர்நாடகத்தின் சண்டூர் லம்பாடிப் பூத்தையல் 2010இல் புவிசார் குறியீடு பெற்றது.

இன்றைய நிலை

பொற்கைப் பெண்கள் கைத்தறித் துணியில் சேலை, குர்தா, பை, மெத்தை உறை ஆகியவற்றைச் செய்து நகரங்களில் விற்கின்றனர். தாங்கள் உடுத்துவதற்காகத் தைத்த காலம் போய், பிறருக்காகத் தைக்கும் தொழிலாக இது மாறியுள்ளது. அந்த மாற்றமே இக்கலையை அடுத்த தலைமுறையின் கையில் சேர்த்திருக்கிறது.