முடிசூடாத பேரரசி மட்டில்டா

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறைப்படியான ஒரே மகன் வில்லியம், 1120 நவம்பரில் நார்மண்டியின் பார்ஃபிளர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'வெண்கப்பல்' பாறையில் மோதி மூழ்கியபோது மாண்டதால், மன்னருக்கு நேர் வாரிசாக எஞ்சியவர் மகள் மட்டில்டா ஒருவரே. ஜெர்மானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றியை மணந்து 1125இல் கணவரை இழந்தவரும், அதனால் இறுதிவரை 'பேரரசி' என்றே அழைக்கப்பட்டவருமான அவரைத் தம் அரசியாக ஏற்பதாகப் பிரபுக்களும் ஆயர்களும் 1127இல் சத்தியம் செய்தனர். ஆனால் 1135 டிசம்பரில் மன்னர் இறந்ததும், சத்தியம் செய்தவர்களுள் ஒருவரும் மன்னரின் சகோதரி மகனுமான ஸ்டீஃபன் கடல் கடந்து விரைந்து வந்து, மூன்றே வாரங்களில் முடிசூடிக்கொண்டார்.

இதன் விளைவாக மூண்ட நெடிய உள்நாட்டுப் போரில், 1141 பிப்ரவரியில் லிங்கன் நகரில் ஸ்டீஃபன் சிறைப்பட்டதும், முடிசூட்டுக்கு முன்பே ஆட்சியுரிமையைக் குறிக்கும் 'ஆங்கிலேயரின் தலைவி' என்னும் பட்டத்தை மட்டில்டா ஏற்று, முடிசூட்டுக்காக லண்டனை அடைந்தார். வரிச்சுமையைக் குறைக்குமாறு கேட்ட நகரத்தாரிடம் அவர் பெருந்தொகை கோரியதாலும், சிறைப்பட்ட மன்னரின் மனைவி திரட்டிய படை தேம்ஸ் ஆற்றின் மறுகரையை அழித்து வந்ததாலும், லண்டன் மக்கள் ஜூன் மாதத்தில் திரண்டெழுந்து அவரை விரட்டினர். அரியணை அத்தனை அருகில் அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை.

ஸ்டீஃபன் தரப்பில் நின்று அக்காலத்திலேயே எழுதப்பட்ட 'ஸ்டீஃபனின் செயல்கள்' என்னும் லத்தீன் நூல், பெண்மைக்குரிய மென்மையைத் துறந்த செருக்கே மட்டில்டாவின் வீழ்ச்சிக்குக் காரணம் என்கிறது. அதே நூல், படை நடத்திய ஸ்டீஃபனின் மனைவியை (அவர் பெயரும் மட்டில்டா என்பது வரலாற்றின் குறும்பு) ஆணுக்கு நிகரான உறுதி படைத்தவர் என்று போற்றுகிறது. கணவருக்காகப் போரிட்ட பெண்ணிடம் நற்பண்பாகத் தோன்றிய கடுமை, தன் உரிமைக்காகப் போரிட்ட பெண்ணிடம் குற்றமாகிவிட்டது. கலப்பட நாணயம் அடித்தவர்களின் வலக்கைகளை வெட்டச் செய்த முதலாம் ஹென்றியை நீதிமான் என்று புகழ்ந்த காலம் அது என்பதையும் சேர்த்தே இத்தீர்ப்பை எடைபோட வேண்டும். லண்டனில் மட்டில்டா அரசியல் நிதானம் இழந்தார் என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய பிழைகளை ஸ்டீஃபனும் பலமுறை செய்து, சிறையிலிருந்து விடுபட்ட பின்னும் அரசராகவே நீடித்தார்.

வரலாற்றுப் புனைகதை இக்காலத்தை விரும்பி எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. 1142 டிசம்பரில், முற்றுகையிடப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையிலிருந்து சில வீரர்களுடன் மட்டில்டா வெளியேறி, பனி மூடிய நிலத்தையும் உறைந்த ஆற்றையும் நடந்தே கடந்து தப்பிய நிகழ்ச்சிக்கு நாவலாசிரியரின் கற்பனை தேவைப்படாது. எல்லிஸ் பீட்டர்ஸின் 'பிரதர் கேட்ஃபெல்' துப்பறியும் நாவல்களில் இப்போர் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்க, ஷாரன் கே பென்மன் 1994இல் வெளியிட்ட பெருநாவல், பழைய நூல்கள் தர மறுத்த மனத்தை மட்டில்டாவுக்கு அளிக்கிறது.

1153இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஸ்டீஃபன் ஆயுள்வரை ஆண்டார்; மறு ஆண்டே மட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றியாக முடிசூடினார். முடிசூடாமலே மட்டில்டா 1167இல் ரூவான் நகரில் காலமானார். தன் சொந்த உரிமையில் ஒரு பெண் இங்கிலாந்தில் முடிசூடியது 1553இல், முதலாம் மேரியின் காலத்தில்தான்.